பழங்குடி ஓவியமும் மெய்ம்மைச் சோதனையும்: மரக்காணக் கரையிலிருந்து ஒரு நோக்கு

மரக்காணம் என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழ் ஆய்வாளரின் நினைவில் முதலில் எழுவது எயிற்பட்டினம். சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மாநாட்டுக் கடற்கரை ஊரை மரக்காணத்தோடு பொருத்திக் காண்பது நெடுநாள் வழக்கு. நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது என்பதும் அவ்வாறே. அந்நூலில் உப்பு வண்டிகளோடு செல்லும் உமணர் வருகின்றனர். மரக்காணத்தில் இன்றும் உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று கிடக்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்து ஈராயிரம் ஆண்டுத் தொடர்ச்சி என்று எழுதிவிடுவது எளிது. அவ்வாறு எழுதும்போது உமணர் யார், இன்று பாத்தியில் உப்பு வாருபவர் யார், இருவருக்கும் உறவு உண்டா, மழை மாதங்களில் வேலை நின்றுபோனால் இவர் எங்கே போவார் என்னும் வினாக்கள் எழாமலே போகின்றன. தொன்மை கிடைத்துவிட்டதால் ஆய்வு நிறைவு பெற்றதாகக் கருதப்படுகிறது.

இதே கரையில் கழுவேலிச் சதுப்பு நிலத்தை ஒட்டி இருளர் குடியிருப்புகள் உள்ளன. காயல் நீரில் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடித்தும், கூலிவேலைக்குச் சென்றும் வாழ்பவர் அவர்கள். இருளர் என்று பட்டியலில் இடம்பெற்றிருந்தும் அதற்கான சாதிச் சான்றிதழைப் பெறுவது இவர்களுக்கு எளிதாக இருந்ததில்லை. திண்டிவனத்தை மையமாகக் கொண்ட பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் நெடுநாள் போராட்டங்களில் சான்றிதழ் கோரிக்கைக்கு முதன்மையான இடம் உண்டு. விண்ணப்பத்தோடு செல்பவரிடம் பாம்பு பிடிக்கத் தெரியுமா, எலி பிடிக்கத் தெரியுமா என்று கேட்கப்படுவது இம்முறையீடுகளில் மீண்டும் மீண்டும் சொல்லப்படும் செய்தி. தெரியாது என்றால் ‘அப்படியானால் நீர் எப்படி இருளர்?’ என்பது அடுத்த கேள்வி. பாம்பு பிடிப்பதைத் தொழிலாகக் கொள்வதற்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன்பின் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் முடிவு கட்டின. 1978இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலிக் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்கள் உரிமம் பெற்று, நஞ்சு எடுப்பதற்காகப் பாம்பு பிடிக்கின்றனர். ஏனையோர் பிடித்தால் குற்றம். சட்டம் குற்றம் என்று விலக்கிய ஒன்றையே அடையாளச் சான்றாகக் கேட்பது எத்தகைய முரண் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வினாவுக்கும் பழங்குடி ஓவியம் பற்றிய ஆய்வுகளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நீலகிரிக் குரும்பர் ஓவியரிடம் ‘இந்த நிறம் காட்டுச் செடியிலிருந்து எடுத்ததா, கடையில் வாங்கியதா?’ என்று கேட்பவரும், கழுவேலி இருளரிடம் பாம்பைப் பற்றிக் கேட்பவரும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கின்றனர். பழைமையாக இருப்பவரே மெய்யான பழங்குடி; மாறியவர் போலி. வருவாய் அலுவலரிடம் இவ்வளவுகோல் இருப்பது வியப்பன்று. தமிழாய்வு அதைக் கேள்வியின்றி ஏற்றிருப்பதே வியப்பு.

மூலபாடத் தேட்டம்

தமிழாய்வின் பயிற்சி பெரிதும் சுவடிப் பதிப்பிலிருந்து வந்தது. பல சுவடிகளை ஒப்புநோக்கி, பாடவேறுபாடுகளைக் குறித்து, ஏடெழுதியவரின் பிழையை நீக்கி, இடைச்செருகலை இனங்கண்டு மூலபாடத்தை நெருங்குவது பதிப்பாசிரியரின் பணி. இம்முறையின் பயனை எவரும் மறுக்க இயலாது. தொல்காப்பிய மரபியலில் நால்வகை வருணம் பற்றி வரும் நூற்பாக்கள் பிற்காலச் சேர்க்கை என்று கருதுவோர் கைக்கொள்வதும் இம்முறையே. இங்குப் பின்வந்த கை என்பது ஐயத்துக்குரிய கை. காலத்தால் முந்தியது மெய்; பிந்தியது கலப்பு.

இப்பயிற்சி ஏட்டிலிருந்து மனிதருக்கு மாற்றப்படும்போதுதான் இடர் தொடங்குகிறது. ஒரு சமூகத்தின் வழக்கத்துக்கு மூலபாடம் கிடையாது. நாட்டுப்புறக் கதைப்பாடல்களைத் தொகுத்தவர்கள் இதை நன்கறிவர். நா. வானமாமலை தலைமுறையினர் வில்லுப்பாட்டுக் கதைகளை அணுகியபோது ஊருக்கு ஊர், பாடகருக்குப் பாடகர் முடிவு மாறுவதைப் பிழையென்று கொள்ளவில்லை. அம்மாற்றத்திலேயே சமூக வரலாற்றைப் படித்தனர். இலக்கணத்திலும் பவணந்தியார் கால ஓட்டத்தில் வழக்கு மாறுவதற்கு இடம் கொடுத்திருக்கிறார். மொழிக்கும் கதைப்பாடலுக்கும் வழங்கப்பட்ட இந்த இசைவு பழங்குடி ஓவியத்துக்கு மட்டும் இன்னும் வழங்கப்படவில்லை.

எழுத்துப்பாறையும் கைத்தாளும்

விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில் செங்காவிப் பாறை ஓவியங்கள் உள்ளன. அங்குள்ள சில குறிகளைச் சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிட்டு எழுதியோர் உண்டு. நீலகிரியின் கரிக்கையூர்ப் பாறை ஓவியங்கள் பற்றியும் அவ்வாறே எழுதப்பட்டது. கோத்தகிரிப் பகுதியில் வெள்ளரிக்கொம்பையை அடுத்துள்ள எழுத்துப்பாறை ஓவியங்களைத் தம் முன்னோர் வரைந்தவை என்று ஆலு குரும்பர் கருதுகின்றனர். அது அவர்களின் நினைவு, மதிக்கத்தக்கது. ஆய்வாளர் அந்நினைவை எடுத்துக்கொண்டு ‘மூவாயிரம் ஆண்டு மரபு’ என்று தலைப்பிடும்போது அது வேறொன்றாகிவிடுகிறது. தமிழகப் பாறை ஓவியங்களுள் பெரும்பாலானவற்றின் காலம் பாணியை வைத்தே கணிக்கப்படுகிறது. பாறையில் உள்ள கோட்டுருவையும் தாளில் உள்ள கோட்டுருவையும் அருகருகே அச்சிட்டுவிட்டால் இடைப்பட்ட காலம் தானாக நிரம்பிவிடாது.

ஆலு குரும்பர் ஓவியம் பற்றிப் பதிவாகியுள்ள செய்திகள் இதைவிடச் சுவையானவை. கோயில், வீடு ஆகியவற்றின் சுவர்களில் விழாக்காலத்தில் வரையப்பட்டது அது. வரையும் பொறுப்பு வழிபாட்டோடு தொடர்புடைய குடும்பத்து ஆடவருக்கு உரியது. பெண்கள் கதவு, சாளரங்களைச் சுற்றிய கரை அலங்காரத்தோடும் தரைக் கோலத்தோடும் நின்றனர். செம்மண், வெண்மண், மரப்பட்டைக் கருமை, இலைச் சாறு, வேங்கைப் பிசின் ஆகியன நிறங்கள். பாறைச் செங்குத்தில் கயிற்றேணி கட்டித் தேனெடுப்பது அவர்கள் விரும்பி வரையும் காட்சிகளுள் ஒன்று. கடந்த சில பத்தாண்டுகளில் சென்னை சி.பி. இராமசாமி ஐயர் அறக்கட்டளை போன்ற அமைப்புகளின் ஊக்கத்தால் இவ்வோவியம் சுவரிலிருந்து கைத்தாளுக்கும் துணிக்கும் வந்தது. வெள்ளரிக்கொம்பையைச் சேர்ந்த ஆர். கிருஷ்ணன் (கிட்னா) போன்றோர் அதனால் வெளியுலகுக்கு அறிமுகமாயினர். பெண்களும் வரையத் தொடங்கினர்.

சுவர் தாளாயிற்று, விழா விற்பனையாயிற்று, ஆடவர் கையிலிருந்தது பெண்டிர் கைக்கும் வந்தது. இம்மூன்றும் பெரிய மாற்றங்கள். ஆயினும் ஆய்வுரைகளில் பெரிதும் கேட்கப்படுவது நிறத்தைப் பற்றிய கேள்வியே. வாங்குவோர் இயற்கை நிறம் கேட்கின்றனர்; எழுதுவோரும் அதையே கேட்கின்றனர். வேங்கைப் பிசினுக்கு வேங்கை மரம் வேண்டும். மரத்துக்குக் காட்டுக்குள் செல்லும் உரிமை வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஒரு குடியிருப்புக்கு எந்த அளவு நடைமுறைக்கு வந்திருக்கிறது என்பதை அறியாமல் அவ்வூர் ஓவியரின் நிறத்தை மதிப்பிடுவது பொருந்தாது. பாம்புக்கும் பிசினுக்கும் நேர்ந்தது ஏறத்தாழ ஒன்றே.

ஒரே கடற்கரைச் சாலையில்

மரக்காணம் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் சென்னைக்குச் சற்று முன் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியால் 1966இல் அமைந்தது. மேலைநாட்டுப் பாணியைப் பின்பற்றாமல் இந்நாட்டுக்குரிய நவீன ஓவியம் எது என்பதே அங்குக் கூடியவர்களின் தேடல். பணிக்கர் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்துருக்களையும் சோதிடக் கட்டங்களையும் ஓவியமாக்கினார். ஜே. சுல்தான் அலி பஸ்தர் பழங்குடிக் கலையின் உருவங்களை உள்வாங்கித் தம் தனிப்பாணியை அமைத்தார். இவர்களின் சாதனை குறைத்து மதிப்பிடத்தக்கதன்று.

ஆயினும் அளவுகோலின் கோணலை இங்குத் தெளிவாகக் காணலாம். நகரத்து ஓவியர் பழங்குடி உருவத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தால் அது மரபின் புத்தாக்கம். பழங்குடி ஓவியர் தம் உருவத்தையே அக்ரிலிக்கில் வரைந்தால் அது மரபின் சிதைவு. முன்னவர் எடுத்தாளலாம், பின்னவர் மாற்றக்கூடாது. தஞ்சாவூர் ஓவியத்தில் பலாப்பலகை ஒட்டுப்பலகையானபோதும் ‘தஞ்சாவூர் ஓவியம்’ என்ற பெயரைப் பெரிதாக எவரும் பறித்துவிடவில்லை. மலைக்கு வெளியே இருப்பவருக்கு வரலாறு உண்டு, மலையில் இருப்பவருக்கு வழக்கம் மட்டுமே உண்டு என்னும் எண்ணமே இதன் அடியில் இருப்பது.

இதற்கு நாள்தோறும் கிடைக்கும் சான்று படக்குறிப்பு. ஆய்வேட்டில் பணிக்கரின் ஓவியம் அச்சிடப்பட்டால் ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, வண்ண வகை, எங்குள்ளது என்பன தவறாமல் வரும். அதே ஏட்டில் பழங்குடி ஓவியம் அச்சிடப்பட்டால் ‘குரும்பர் ஓவியம், நீலகிரி’ என்று மட்டும் பெரும்பாலும் வரும். வரைந்தவர் உயிரோடிருப்பார், களப்பணியாளர் அவர் வீட்டில் தேநீர் அருந்தியிருப்பார், நன்றியுரையில் வழிகாட்டி, நூலகர், தட்டச்சர் அனைவரும் இருப்பர். படத்தின்கீழ் அவர் பெயர் மட்டும் இராது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஓவியருக்கு வாழ்நாள் முழுதும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை வழங்குகிறது. தம் படைப்பைத் தமதெனக் கூறும் தனி உரிமையையும் வழங்குகிறது. பெயரை விட்டுவிடுவது வெறும் கவனக்குறைவு என்று கூறித் தப்ப இயலாது.

பெயர் சேர்ந்தால் மரபு பற்றிய பார்வையே மாறிவிடும் என்பதற்கு ஜன்கர் சிங் ஷியாம் சான்று. மத்தியப் பிரதேசத்துப் பட்டன்கர் என்னும் ஊரினர். பர்தான் கோண்டு பிரிவினர். பர்தான்களின் மரபுக் கலை பானா என்னும் நரம்பிசைக் கருவியோடு பாடுவது. தாளில் வரைவது அவர்களிடம் இருந்ததில்லை. 1982இல் போபாலில் பாரத் பவன் தொடங்கப்பட்ட காலத்தில் ஜெ. சுவாமிநாதன் அவரை அடையாளங்கண்டு அழைத்துவந்தார். தாளும் வண்ணமும் கையில் கிடைத்ததும் ஜன்கர் தெய்வங்களையும் விலங்குகளையும் நுண்புள்ளிகளாலும் கோடுகளாலும் நிரப்பி வரைந்தார். இன்று ‘கோண்டு ஓவியம்’ என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி அவர் கண்டெடுத்த பாணியே. அதனால் அதை ஜன்கர் கலம் என்று அழைப்பாரும் உளர். பழைமைச் சோதனையில் ஜன்கர் ஓவியம் தோற்றுவிடும். ஆனால் ஒரு தலைமுறை ஓவியர் அவரிடமிருந்து எழுந்தனர். 2001இல் ஜப்பானின் மிதிலா அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரைத் தனி ஓவியராக மதித்தவர்களைவிட ‘பழங்குடிக் கலைஞர்’ என்று தொகையாகக் கண்டவர்களே அதிகம் என்பது இன்றும் மனத்தை உறுத்துவது.

பப்புன்யாவின் புள்ளிகள்

மெய்ம்மை பற்றிய விவாதம் மிக விரிவாக நடந்த இடம் ஆஸ்திரேலியா. மத்திய பாலைநிலத்துப் பப்புன்யாவில் 1971இல் ஜெஃப்ரி பார்டன் என்னும் பள்ளி ஆசிரியரின் ஊக்கத்தால் தொல்குடிப் பெரியோர் பள்ளிச் சுவரில் தேனெறும்புக் கனவுக் காட்சியை வரைந்தனர். அடுத்த ஆண்டு பப்புன்யா துலா என்னும் ஓவியர் நிறுவனம் உருவாயிற்று. மணலிலும் உடலிலும் சடங்குக்காக வரையப்பட்டுவந்த வடிவங்கள் பலகைக்கும் அக்ரிலிக்குக்கும் வந்தன. உலகம் இன்று தொல்குடி ஓவியத்தின் அடையாளமாகக் கொண்டாடும் புள்ளி ஓவியம் இவ்வாறு அரை நூற்றாண்டு அகவை உடையது.

இதில் தமிழாய்வாளர் கருத வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பப்புன்யாவின் தொடக்ககாலப் பலகைகளில் சடங்குக்குரிய மறைபொருள்கள் சில வெளிப்படையாக வரையப்பட்டன. அவற்றைக் காணும் தகுதியில்லாதோர் காணநேர்ந்தது குறித்து மற்றக் குழுவினர் கடிந்தனர். அதன்பின் ஓவியர் அவ்வடிவங்களைத் தவிர்த்தனர். புள்ளிகள் பெருகியது அழகுக்காக மட்டுமன்று, மறைக்க வேண்டியதை மறைப்பதற்காகவும் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். அப்படியானால் முந்தைய பலகையே வழக்கத்தை மீறியது. பிந்தைய, ‘புதிய’ புள்ளி ஓவியமே வழக்கத்துக்கு இணங்கியது. காலத்தால் முந்தியதே மெய் என்னும் பதிப்பாசிரியர் விதி இங்குத் தலைகீழாகிவிடுகிறது.

எமிலி கேம் உங்வாரேயின் வாழ்வும் இத்தகையதே. யுடோப்பியா என்னும் இடத்துப் பெண்கள் 1970களின் இறுதியில் கற்றுக்கொண்டது சாவகத்திலிருந்து பரவிய பாத்திக் துணி வண்ணக் கலை. எமிலி அதிலிருந்து, முதுமையில்தான், கித்தானுக்கு வந்தார். 1996இல் இறக்கும்முன் எட்டு ஆண்டுகளுக்குள் அவர் வரைந்தவை இன்று அந்நாட்டின் பெருஞ்செல்வங்கள். தம் நிலத்தை வரைகிறேன் என்பதே அவர் நிலைப்பாடு. துணி, மெழுகு, அக்ரிலிக் எதுவும் அந்நிலத்துக்குரியதன்று, நிலம் அவருடையது.

அங்கு மெய்ம்மையை முடிவுசெய்வது பொருளோ பழைமையோ அன்று, உரிமை. எந்தக் கதையை, எந்த இடத்தை, யார் வரையலாம் என்பது குலவழியாக வரையறுக்கப்பட்டது. வால்பிரி மக்களிடையே ஒரு கனவுக்கதைக்கு உரியோர் ஒரு பிரிவினர். அது முறையாகச் செய்யப்படுகிறதா என்று கண்காணிப்போர் மற்றொரு பிரிவினர். வரைபவர் எவ்வளவு திறமையாளராயினும் தமக்கு உரிமையில்லாத கதையை வரைந்தால் அது தவறு. 1997இல் ‘எடி பர்ரப்’ என்னும் தொல்குடி ஓவியர் என்று ஒருவரே இல்லை, அப்பெயரில் வரைந்தவர் எலிசபெத் டூராக் என்னும் வெள்ளையர் மூதாட்டி என்பது வெளிவந்தபோது எழுந்த சினத்தின் காரணம் இதுவே. ஓவியத்தின் தரத்தைப் பற்றியதன்று அச்சினம்.

நீதிமன்றங்களும் தடுமாறித் தடுமாறி இதை நெருங்கின. தொல்குடி ஓவியங்களை இசைவின்றி வியட்நாமில் கம்பளமாக நெய்து இறக்குமதி செய்த நிறுவனத்துக்கு எதிராக 1994இல் தீர்ப்பு வந்தது. புனித வடிவங்கள் கால்மிதியாக விற்கப்பட்டதால் ஓவியருக்குத் தம் மக்களிடையே நேர்ந்த இழிவும் இழப்பீட்டில் கணக்கிடப்பட்டது. 1998இல் ஜானி புலுன்புலுன் வழக்கில், பதிப்புரிமை ஓவியருடையதே ஆயினும் அவர் தம் குலத்துக்கு நம்பிக்கைப் பொறுப்புடையவர் என்று நீதிபதி கூறினார். குலத்தைக் கூட்டு உரிமையாளராக அவர் ஏற்கவில்லை. அவ்வளவில் தீர்ப்பு குறையுடையது. எனினும் தனியொருவரின் பெயரும் குலத்தின் உரிமையும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை என்பதை அது காட்டிற்று. இந்தியாவில் உள்ள புவிசார் குறியீடு இந்த இடத்தை நிரப்பவில்லை. தோடர் பூந்தையலுக்கு 2013இலும் வார்லி ஓவியத்துக்கு 2014இலும் அது கிடைத்தது. குழுவின் பெயரைக் காக்க அது உதவும். ஓவியரின் பெயரை அது கேட்பதேயில்லை.

உரிமை என்னும் அளவுகோலின் சிக்கல்

பழைமையை விட்டுவிட்டால் சந்தையில் போலிகள் பெருகும் என்பது ஒரு மறுப்பு. திரைச்சீலையிலும் தேநீர்க் கோப்பையிலும் வார்லி உருவங்கள் இயந்திரத்தால் அச்சாவதை எவரும் காணலாம். ஆனால் அந்த அச்சுருவங்கள் பாணியில் மிகப் ‘பழைமையாகவே’ இருக்கின்றன. வெண்ணிறம், செம்மண் பின்புலம், வட்ட நடனம் எதுவும் மாறவில்லை. பழைமைத் தோற்றத்தைப் படியெடுப்பது எளிது. போலியைத் தடுக்கப் பழைமைச் சோதனை உதவாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு வேறு. உரிமையே அளவுகோல் என்றால், ஆலு குரும்பரிடையே வரையும் உரிமை வழிபாட்டுக் குடும்பத்து ஆடவருக்கே இருந்தது. இன்று கைத்தாளில் வரையும் பெண்கள் உரிமையற்றவர்களா? இவ்வினாவை மழுப்பிச் செல்ல இயலாது. பழைமைச் சோதனையை எதிர்ப்பவர்கள் உரிமை என்று கூறும்போது, சமூகத்துக்குள் வலியோரின் உரிமையையே மரபாக ஏற்றுவிடும் ஆபத்து உண்டு. பப்புன்யாவிலும் தொடக்கத்தில் ஓவியராக அறியப்பட்டோர் ஆடவரே. 1980களில்தான் மத்திய பாலைநிலத்துப் பெண்கள் தம் பெயரில் பரவலாக வரையத் தொடங்கினர். ஆனால் அங்குப் பெண்கள் ஆடவரின் கதையை எடுத்துக்கொள்ளவில்லை. தமக்கே உரிய சடங்குகளையும் வடிவங்களையும் கொண்டுவந்தனர்.

குரும்பர் பெண்கள் செய்வது அதுவா, அல்லது ஆடவருக்குரியதைத் தாமும் வரைவதா, அவ்வாறாயின் ஊரில் அதற்கு என்ன மறுமொழி கிடைத்தது, கதவோரக் கரை அலங்காரம் தாளில் என்னவாயிற்று என்பன ஆராயத்தக்கவை. சுவரில் வரைவதற்கும் விற்பனைத் தாளில் வரைவதற்கும் ஒரே உரிமைதான் வேண்டுமா என்பதும் கேட்கத்தக்கது. கோயிற் சுவரை ஆடவரிடமே விட்டுவிட்டுத் தாளைப் பொதுவாக்கிக்கொள்ளும் தீர்வை ஓர் ஊர் கண்டிருக்கலாம், காணாமலும் இருக்கலாம். நிறத்தைப் பற்றிக் கேட்கும் ஆய்வாளருக்கு இது தெரியவராது. மாற்றத்தை அவ்வூரில் யார் ஏற்றார், யார் மறுத்தார், யாரைக் கேட்காமலே முடிவு நடந்தது என்று பதிவுசெய்வதே ஆய்வு. முடிவு கூறும் இருக்கையில் ஆய்வாளர் அமர வேண்டியதில்லை.

சான்றிதழும் ஆய்வுரையும்

‘ஓவியத்தில் இவ்வளவு நுட்பம் பார்ப்பது நூலுக்குள் நிற்கும் செய்தி, அதனால் யாருக்கு என்ன கேடு?’ என்று கருதுவோருக்காக மீண்டும் மரக்காணத்துக்கு வரவேண்டும். தமிழகத்தில் ஆறு குழுக்கள் குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. தோடர், கோத்தர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரோடு குரும்பரும் இருளரும் அதில் அடங்குவர். 2006 வரை அவ்வகையின் பெயரே தொன்மைப் பழங்குடி என்னும் பொருள்படுவது. வேளாண்மைக்கு முந்தைய தொழில்நுட்பம் அதன் அடையாளங்களுள் ஒன்று. மாறாமல் இருத்தல் இங்குத் தகுதியாகவே எழுதப்பட்டிருந்தது.

1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் முறையை வகுத்தது. குலதெய்வம், திருமணமுறை, இறப்புச் சடங்கு முதலிய பண்பாட்டுக் கூறுகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னது. சரிபார்ப்புக் குழுவில் பழங்குடிகளை இனங்காணும் அறிவுடைய ஆய்வு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்றது. பொய்ச் சான்றிதழைத் தடுப்பது அதன் நோக்கம், அந்நோக்கம் தவறன்று. பழங்குடியல்லாதோர் அவ்விடங்களைக் கவர்ந்த நிகழ்வுகள் உண்டு. ஆனால் இடப்பெயர்ச்சியாலும் நவீன வாழ்வாலும் பழங்குடியினரின் வழக்கங்கள் மாறியிருக்கக்கூடும். எனவே பண்பாட்டு ஒப்புமை இறுதி உரைகல் ஆகாது என்று 2011இல் ஆனந்த் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. 2023இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அக்கருத்தை உறுதிசெய்தது. சட்டம் தன் அளவுகோலின் குறையை ஒப்புக்கொண்டுவிட்டது. ஆய்வுலகம் இன்னும் அந்நிலைக்கு வரவில்லை.

ஆய்வு அலுவலர் எதை வைத்து இனங்காண்பார்? முன்னர் எழுதப்பட்ட நூல்களையும் ஆய்வேடுகளையும் வைத்துத்தான். ‘இருளரின் மரபுத்தொழில் பாம்பு பிடித்தல், அவர்கள் இன்றும் மாறா வாழ்வினர்’ என்று ஓர் ஆய்வேட்டில் எழுதப்படும் வாக்கியம் பட்டம் வாங்கித் தந்ததோடு நின்றுவிடுவதில்லை. மேல்நிலைப் படிப்பு முடித்துக் கல்லூரிச் சேர்க்கைக்காகச் சான்றிதழ் கேட்டு நிற்கும் கழுவேலிக் கரைப் பெண்ணின் கோப்பில் அது மேற்கோளாக வரக்கூடும். அவள் தந்தை இறால் பிடிப்பவர். தாய் கூலிவேலைக்குச் செல்பவர். மாசிமகத்தன்று அக்குடும்பம் மாமல்லபுரம் கடற்கரை மணலில் கன்னியம்மனுக்குப் படையலிட்டிருக்கும். அன்று அங்குப் படமெடுக்க வருவோர் கூட்டம் பெரிது. அப்படங்களின் கீழ் ‘இருளர் வழிபாடு, மாமல்லபுரம்’ என்றுதான் இருக்கும். எந்தக் குடும்பம், எந்த ஊர், எந்த ஆண்டு என்று இராது. இருந்திருந்தால் அலுவலக மேசையில் வைத்துக் காட்டுவதற்கு அவளிடம் ஒரு சான்றாவது இருந்திருக்கும்.